துவக்கு யாருக்குச் சொந்தம்?

ஆயுதங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைப் பிடித்த கைகளைப் பற்றியே எழுதிவிடுகின்றனர். எவன் சுட்டான், எவன் வீழ்ந்தான், எந்தக் கோட்டை எந்த நாளில் பிடிபட்டது என்பனவே வரலாறு என்று நமது பாடநூல்கள் நம்மைப் பழக்கியுள்ளன. அத்துவக்கை அடித்த கொல்லன் யார்? அதற்கு வேண்டிய இரும்பு எங்கிருந்து வந்தது? மருந்து தீர்ந்தபோது யாரிடம் கையேந்த நேர்ந்தது? பூட்டின் வில் முறிந்தபோது மாற்று வில் எங்கே கிடைத்தது? இக்கேள்விகளை எவரும் கேட்பதில்லை. ஆனால் அரசுகளின் ஆயுளை இக்கேள்விகளே பலமுறை தீர்மானித்திருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதையும் அவற்றுள் ஒன்று.

நல்லூர் அரசின் வீழ்ச்சிக்கு நம்மவர் கூறும் காரணம் யாவரும் அறிந்ததே. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, காக்கை வன்னியனின் துரோகத்தால் சங்கிலி பறங்கியரிடம் அகப்பட்டான் என்று சொல்கிறது. நாடகங்களும் மேடைப் பேச்சுகளும் அக்கதையை வளர்த்தன. காட்டிக்கொடுப்பவன் எவனையும் ‘காக்கை வன்னியன்’ என்று ஏசுவது நம் வழக்காகிவிட்டது. ஒரு மனிதனின் வஞ்சகத்தால் ஓர் அரசு அழிந்தது என்பது கேட்பதற்கு எளிது. நம்பினால் மனத்துக்கு ஆறுதலுங்கூட. ஆயினும் அது வரலாற்று விளக்கம் ஆகாது. துரோகிகள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். எல்லா நாடும் வீழ்ந்துவிடவில்லை.

சொற்களிலிருந்தே தொடங்குவோம். நாம் ‘துவக்கு’ என்கிறோம். தமிழகத்தார் ‘துப்பாக்கி’ என்பர். சிங்களவர் ‘துவக்குவ’ என்பர். மூன்றும் துருக்கியரின் ‘துஃபெக்’ என்னும் சொல்லின் வழிவந்தவை. ‘பீரங்கி’ என்பதோ ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்னும் சொல்லே. பொருளோடு பெயரும் கடல் கடந்து வந்தது. அந்நியச் சொல் வந்து தமிழாகிவிட்டது; அந்நியப் பொருள் நம்முடைய பொருளாகியதா என்பதே ஆராய வேண்டியது.

கருமருந்துத் துவக்கு ஒன்று வேலை செய்வதற்கு வேண்டியவை எவை? குழலுக்கு இரும்பு, குண்டுக்கு ஈயம், மருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரி, தீ வைப்பதற்கு எரியும் திரி. இவற்றுள் மருந்தின் முக்காற் பங்கு வெடியுப்பு. இலங்கையில் அது வௌவால் எச்சம் படிந்த மலைக்குகைகளின் மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்டது. கண்டிநாட்டில் அத்தொழில் நடைபெற்றதை ஆங்கிலேய மருத்துவரான யோன் டேவி 1821 ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். குடாநாட்டிலோ மலையும் இல்லை, அத்தகைய குகைகளும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைமீது பரந்த செம்மண்ணும் மணலுமே அதன் நிலம். இரும்புத் தாது கிடையாது. ஈயம் கிடையாது. கந்தகம் இலங்கைத் தீவு முழுவதற்கும் கடல்வழியாகவே வரவேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் தன் மண்ணிலிருந்து தரக்கூடியவை இரண்டே: கரியும் கயிறும். ஏனைய யாவும் தோணியில் வந்திறங்க வேண்டும்.

பொருள்கள் கிடைத்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. வீரன் முதலில் அளந்த மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்ட வேண்டும். பின்பு தும்பு அடைத்து, குண்டை இட்டு, இடிகோலால் கெட்டிக்க வேண்டும். குழலின் அடிப்புறத் துளையருகே சிறிது மருந்தைத் தூவி, புகைந்துகொண்டிருக்கும் திரியைக் குதிரையிற் பொருத்தி, விசையை இழுக்க வேண்டும். ஒரு வேட்டுக்கு இத்தனை செயல்கள். கருமருந்து எரிந்தபின் அதன் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல் கசடாகவே எஞ்சும். சில வேட்டுகளுக்குள் குழலில் கரி படிந்துவிடும். அக்கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். மூன்று பக்கமும் உப்புக்காற்று வீசும் குடாநாட்டில், ஐப்பசி கார்த்திகை மாரியில், அன்றாடம் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாத துவக்கு விரைவில் வெறும் தடியாகிவிடும். எனவே துவக்கை வைத்திருப்பது என்பது ஒரு பொருளை வாங்கிவைப்பது அன்று. கொல்லன் உலை, மருந்துக் களஞ்சியம், வணிகத் தோணி, பயின்ற கைகள் ஆகிய அனைத்தையும் இடையறாது பேணிவருவதே துவக்கை உடைமையாகக் கொள்வது.

இதனைத் தெற்கே இருந்தவர்கள் விரைந்து கற்றனர். போர்த்துக்கேயர் வந்தபோது இத்தீவில் ஒரு துவக்கும் இருக்கவில்லை என்றும், இடைவிடாத போரின் விளைவாகச் சிங்களவர் தம்முடையவற்றினும் சிறந்த துவக்குகளைச் செய்யக் கற்று இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வைத்திருந்தனர் என்றும் டியோகோ டு கூட்டோ என்னும் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் எழுதினார். அவருடைய எண்ணிக்கை மிகைப்பட்டதாக இருக்கலாம், வியப்பு உண்மையானது. இடப்பக்கத்தில் பூட்டு அமைந்த சிங்களத் துவக்கு ஐரோப்பியத் துவக்கின் வெறும் நகல் அன்று; அது தனக்கென ஒரு வடிவம் கொண்டது. மலைநாட்டில் இரும்பு இருந்தது, வெடியுப்பு இருந்தது, காடு இருந்தது, கற்றுக்கொண்ட கொல்லர் இருந்தனர். கண்டி 1815 வரை நிலைத்ததற்கு மன்னர்களின் வீரம் மாத்திரம் காரணம் அன்று.

நல்லூருக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் 1560 ஆம் ஆண்டில் நடந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா பெரும் கப்பற்படையோடு வந்து நல்லூரைக் கைப்பற்றினான். அரசன் பின்வாங்கினான். ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. நாடெங்கும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். உணவு கிடைக்கும் வழிகள் அடைபட்டன. பீரங்கிகளோடு வந்தவர்கள் குடாநாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. துவக்குகளில் குறைந்திருந்த மக்கள் துவக்குகளில் நிறைந்திருந்த படையைப் பட்டினியால் வென்றனர். நமது பாடநூல்கள் சில வரிகளிற் கடந்துவிடும் இந்நிகழ்ச்சி, குடாநாட்டு வரலாற்றின் பெருமைமிக்க பக்கங்களுள் ஒன்று.

தோற்றுத் திரும்பியவர்கள் போகும் வழியில் ஒன்று செய்தனர்: மன்னாரில் கோட்டை கட்டினர். தமிழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட நீரிணையின் வாயிலில் அமர்ந்துகொண்டனர். நாட்டைப் பிடிக்க முடியாதபோது நாட்டின் தொண்டையைப் பிடித்தனர் எனலாம். 1590 இல் புவிராச பண்டாரம் அக்கோட்டையைத் தாக்கினான், வீழ்த்த இயலவில்லை. மறு ஆண்டு அந்திரே பூர்த்தாடோ தெ மென்டோன்சா, கோழிக்கோட்டுப் பக்கமிருந்து வந்திருந்த கடற்படையைக் கடலிலேயே முறியடித்துவிட்டு, பின்னரே கரையிறங்கி நல்லூரைப் பிடித்தான். புவிராசன் கொல்லப்பட்டான். போர்த்துக்கேயர் விருப்புக்கிசைந்த எதிர்மன்னசிங்கன் அரசனாக்கப்பட்டான். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நீரிணை, அடுத்துக் கடல், அதன் பின்னரே நிலம்.

1619 இல் பிலிப் தெ ஒலிவேரா வந்தபோது முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. சங்கிலி குமாரன் நாடியது தஞ்சையை. அங்கே ஆண்டவன் இரகுநாத நாயக்கன். இன்றும் தஞ்சைப் பீரங்கிமேட்டில் கிடக்கும் பெரும் பீரங்கி அவன் காலத்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஏறக்குறைய 8 மீற்றர் நீளமுள்ள அது வார்க்கப்பட்டதன்று. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய தமிழ்நாட்டுக் கொல்லரின் கைவேலை. தொழிலறிவில் தமிழன் பின்தங்கியிருந்தான் என்போருக்கு அந்த இரும்பே மறுமொழி. ஆனால் அந்தப் பீரங்கி தஞ்சை மதிலில் இருந்தது. யாழ்ப்பாணம் கடலுக்கு அப்பால் இருந்தது. வருணகுலத்தான் தலைமையில் தஞ்சைப் படை வந்தது, போரிட்டது, ஆனால் நிலைக்க முடியவில்லை. நீரிணை பகைவன் கையில் இருக்கும்போது வந்த வீரனுக்குத் துணையும் மருந்தும் தொடர்ந்து வருவது எங்ஙனம்? சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு 1623 இல் கொலையுண்டான். நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. தலைநகர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் காக்கை வன்னியன் கதைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? அத்தகைய ஒருவன் இருந்திருக்கலாம், இல்லாதிருந்திருக்கலாம். தன் ஆயுதத்துக்கு வேண்டிய உணவைத் தன் மண்ணில் விளைவிக்க இயலாத அரசு, அந்த உணவு வரும் வழியையும் இழந்த நாளிலேயே தன் ஆயுதத்தை இழந்துவிட்டது. துவக்குகள் கையில் இருந்தன, உடைமை கைமாறிவிட்டது.

வென்றவர்களுக்கும் இவ்விதி விலக்கன்று. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைச் சூழ்ந்தனர். கடலை இழந்த போர்த்துக்கேயர் ஏறத்தாழ மூன்று மாதம் பசியாலும் நோயாலும் வாடி யூன் மாதத்தில் சரணடைந்தனர். ஒல்லாந்தர் அதே இடத்தில் ஐங்கோணக் கோட்டையைக் கட்டினர். அதன் வெளியரண்கள் 1792 இல் முடிவுற்றன. ஆசியாவின் சிறந்த கோட்டைகளுள் ஒன்றெனப் புகழப்பட்ட அது மூன்றே ஆண்டுகளில், 1795 செப்டெம்பரில், போரின்றி ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒல்லாந்தை அப்போது பிரெஞ்சுப் படைகள் பிடித்திருந்தன. தாய்நாட்டோடு தொடர்பு அறுந்த பீரங்கிகள் கல்லோடு கல்லாய் நின்றன. இந்த இரு ஆட்சியிலும் துவக்கைத் தோளிற் சுமந்த ‘லஸ்கரின்’ என்னும் நாட்டுப் படைவீரன் நம் கண்முன் நிற்கவேண்டியவன். துவக்கு அவன் கையில். மருந்து கும்பெனியின் களஞ்சியத்தில். எத்திசையில் சுடுவது என்பதை அவன் தீர்மானிக்கவில்லை. களஞ்சியத்தின் திறப்பு எவனிடம் இருந்ததோ அவன் தீர்மானித்தான்.

ஆங்கிலேயர் இவ்வுண்மையைச் சட்டமாக்கினர். மருது சகோதரர் 1801 ஒக்டோபரில் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களுக்குள், டிசெம்பர் முதலாம் நாள், சென்னை ஆளுநர் எட்வேட் கிளைவ் விடுத்த பிரகடனம் தென்பாண்டிப் பாளையங்களின் மக்கள் துவக்கும் ஈட்டியும் வைத்திருப்பதைத் தடைசெய்தது. கடலின் இக்கரையில், 1803 ஓகஸ்டில், குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியிலிருந்து எழுந்த பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவன் அங்கிருந்த பீரங்கிகளையும் கொண்டுசென்றதாகக் கூறுவர். ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் அவன் தோற்கடிக்கப்பட்டான். கைப்பற்றிய ஆயுதம் சில நாட் போருக்கு உதவும்; நீண்ட போருக்கு மருந்தும் குண்டும் கொடுக்கும் தொழில் வேண்டும்.

இக்காலத்துக்குப் பின் ஆயுதத் தொழிலில் நிகழ்ந்த மாற்றத்தை நாம் பொருளாதார நோக்கில் பார்க்க வேண்டும். பழைய திரித்துவக்கு எளிய பொறி. ஒவ்வொன்றும் கையால் அடித்து, கையால் அராவிப் பொருத்தியது. ஆகவே ஒரு துவக்கின் பூட்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. உதிரி உறுப்பு என்ற ஒன்றே அன்று கிடையாது. ஆனால் அந்தக் குறைபாட்டிலேயே ஒரு விடுதலையும் இருந்தது: வில் முறிந்தால் ஊர்க் கொல்லன் உலையிலிட்டு வேறு வில் அடித்துக் கொடுப்பான்; திரியை வீட்டிலேயே முறுக்கிக்கொள்ளலாம். அடுத்து வந்த கல்துவக்குக்குத் தகுந்த தீக்கல்லை வெளியிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தட்டியவுடன் தீப்பற்றும் இரசாயனத்தை உள்ளடக்கிய சிறு செப்பு மூடி வந்தது. அதை எந்த ஊர்க் கொல்லனும் செய்ய முடியாது, தொழிற்சாலை வேண்டும். இறுதியில் மருந்தும் குண்டும் தீமூடியும் ஒன்றான தோட்டா வந்தது. ஒவ்வொரு முன்னேற்றமும் சுடுபவனுக்கு விரைவைத் தந்தது. அதே அளவுக்கு அவனைத் தொலைவிலுள்ள ஆலையோடு பிணைத்தது.

இம்மாற்றத்தின் முழு உருவமே சுழல்துவக்கு எனப்படும் ரிவோல்வர். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836 இல் தம் நாட்டில் அதற்கு உரிமம் பெற்றார். 1851 இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அதனைக் காட்சிக்கு வைத்தார். 1853 இல் தேம்ஸ் நதிக்கரையில் ஆலையும் நிறுவினார். அவருடைய உருளையின் அறைகளிலும் கருமருந்தையும் குண்டையும் தனித்தனியே இட்டுக் கெட்டிக்க வேண்டியிருந்தது. அறை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு செப்பு மூடி பொருத்தவேண்டியிருந்தது. ஆயினும் உறுப்புகள் இயந்திரத்தால் ஒரே அளவில் ஆக்கப்பட்டன. ஒன்று தேய்ந்தால் அதே உறுப்பை வாங்கி மாற்றுவதே முறை என்னும் காலம் பிறந்தது. இது பெரும் சாதனை. அதனை இழிப்பது அறியாமை. ஆனால் உதிரி உறுப்பு பிறந்த நாளிலேயே அதனை விற்பவனின் ஆதிக்கமும் பிறந்தது. ஊர்க் கொல்லன் பட்டடையில் இருந்த அதிகாரம் இலண்டன் ஆலையின் பட்டியலுக்குச் சென்றது. அரசாங்க அதிபர் டைக் வடபகுதியை ஏறக்குறைய நான்கு தசாப்தம் சிற்றரசன்போல் ஆண்ட காலம் இதுவேதான்.

1915 இல் இலங்கையில் கலவரம் மூண்டபோது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரின் கைகளில் ஆயுதம் கொடுக்கப்பட்டது. விசாரணை பெயரளவில் நடந்து உயிர்கள் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் வந்தது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். துவக்கு வைத்திருக்க மாத்திரம் அன்று, அதனைச் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என அது விதித்தது. திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் உள்ளது. பழுதுபார்க்கும் கையைக் கட்டினால் பிடித்திருக்கும் கை தானே ஓயும் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர்.

அனுமதிப்பத்திரம் யாருக்குக் கிடைத்தது? கட்டளைச் சட்டத்தின் வாசகத்தில் சாதி இல்லை; வர்க்கம் இல்லை. ஆனால் அரசாங்க அதிபரின் கையெழுத்துக்கும் கிராமத்தவனுக்கும் இடையே நின்றவர்கள் மணியகாரர், உடையார், விதானையார். அவர்கள் நிலவுடைமைச் சாதியின் பிள்ளைகள். தலைமைக்காரர் முறை 1963 இல் கிராம சேவகர் முறைக்கு இடங்கொடுக்கும்வரை ஊரின் நம்பிக்கைக்குரியவன் யார் என்பதற்குச் சான்று சொன்னவர்கள் அவர்களே. காணியும் தோட்டமும் உடையவன் வீட்டுச் சுவரில் துவக்குத் தொங்குவது கௌரவம். அவன் காணியில் உழைப்பவன் வீட்டில் இருந்தால் அது குற்றம். துவக்கைத் திருத்தத் தெரிந்த கொல்லனோ ஊருக்குத் தொழில் செய்யும் குடியாகவே கருதப்பட்டான். அவன் அறிவு வேண்டும். அவன் சமத்துவம் வேண்டாம். கையால் செய்பவனைத் தாழ்த்திவைத்த சமூகம், பிறர் செய்து தருவதற்குக் காத்திருக்கும் சமூகமாக ஆவதில் வியப்பென்ன?

பழைய வாய்க்கெட்டித் துவக்கு இன்று எங்கே இருக்கிறது? வன்னிக் காட்டோரத்தில், அனுமதியற்ற ‘கட்டுத்துவக்கு’ என்னும் உருவில் இருக்கிறது. நீர்க்குழாயைக் குழலாக்கி, பாதையின் குறுக்கே கம்பி கட்டி, காட்டுப்பன்றிக்கு வைப்பது அது. பன்றிக்கும் மனிதனுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. விறகுக்கும் தேனுக்கும் சென்ற ஏழை கால் சிதைந்து மருத்துவமனைக்கு வருகிறான். வைத்தவனும் பெரும்பாலும் பயிரைக் காக்க வழியற்ற ஏழையே. சட்டம் தடுக்கிறது, வறுமை செய்விக்கிறது. முந்நூறு ஆண்டுத் தொழிலறிவு வளரவிடப்படாமல் போனால் அது இத்தகைய கொலைப்பொறியாகவே எஞ்சும்.

மறுபுறம் செல்வ நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டு மத்திய சட்டம், 1898 வரை செய்யப்பட்ட துவக்குகளையும் பழைய முறையில் கருமருந்து இட்டுச் சுடும் நகல்களையும் பழம்பொருள் எனக்கொண்டு பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கியது. இத்தாலிய ஆலைகள் கோல்ட்டின் சுழல்துவக்கை மீண்டும் செய்து விற்கின்றன. வில்லும் திருகாணியும் செப்பு மூடியும் பட்டியலைப் பார்த்து வாங்கலாம். ஓய்வுநாளில் இலக்கில் சுட்டு மகிழ்கின்றனர். அவர்களை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஒரே ஆயுதம் ஓரிடத்தில் பொழுதுபோக்காகவும் இன்னோரிடத்தில் முடமாக்கும் பொறியாகவும் இருப்பது மனிதரின் குணபேதத்தால் அன்று, உற்பத்தியின் ஆட்சி யாரிடம் உள்ளது என்பதனால் என்று உணர்ந்தால் போதும்.

நமது தலைமுறையும் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1983 க்குப் பின் நம் இளைஞர் பலர் பாக்கு நீரிணையைக் கடந்து சென்று ஆயுதமும் பயிற்சியும் பெற்றனர். 1987 யூலையில் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஓகஸ்ட் 5 இல் பலாலியில் ஆயுத ஒப்படைப்பு நடந்தது. ஒக்டோபரில் அதே இந்தியாவின் படையோடு குடாநாட்டின் தெருக்களில் போர் மூண்டது. கொடுத்தவன் திருப்பிக் கேட்பான் என்பது நல்லூர்க் காலத்திலிருந்து மாறாத விதி. அதன்பின் 2009 வரை ஓடிய குருதிக்கு இங்கே கணக்கெழுதுவது நோக்கமன்று. ஆனால் அப்பேரழிவையும் ‘காக்கை வன்னியன்’ என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முனைவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். துரோகியைத் தேடும் சமூகம் தன்னை ஆராய மறுக்கிறது. 1560 இல் பறங்கியரை வெளியேற்றியது வந்திறங்கிய ஆயுதம் அன்று. ஒன்றுபட்டு எழுந்த மக்கள். அந்த ஒற்றுமையைச் சாதியாலும் காணியாலும் சிதைத்தவர்கள் எத்தனை துவக்கு வைத்திருந்தும் பயன் என்ன?

1765 இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையிட்டுச் சென்ற பீரங்கி ஒன்று, அழகிய துவக்குகளோடும் வாள்களோடும் 2023 இல் இலங்கைக்குத் திரும்பி வந்தது. கொழும்பு அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டது. ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டட்டும். வெள்ளி வேலைப்பாட்டையும் அரசனின் பெயரையும் சொல்வதோடு நின்றுவிடாது, இரும்பைக் காய்ச்சியவன் யார், குகைமண்ணைச் சுமந்தவன் யார், கந்தகத்தைக் கொண்டுவந்த தோணியில் துடுப்பு வலித்தவன் யார் என்றும் கேட்கச் செய்யட்டும். அக்கேள்விகளைக் கேட்கப் பழகிய மாணவன், துவக்கு யாருக்குச் சொந்தம் என்பதற்கு மாத்திரமன்றி, நாடு யாருக்குச் சொந்தம் என்பதற்கும் விடை தேடத் தொடங்குவான்.